ஊழும் ஆளெடுப்பும்

ரயில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒருவர் தேறுகிறார், இன்னொருவர் தேறுவதில்லை. இரண்டையும் தலையெழுத்து என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. அந்தச் சொல் எதுவரை செல்லும், அதை யார் யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்பது சமயம் சார்ந்த ஒரு கேள்வி. மலாக்காவின் லூபோக் சீனா, அலோர் காஜா, மஸ்ஜித் தானா வட்டாரங்களைப் போன்ற ரப்பர்த் தோட்டப் பகுதிகளில் அந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 1943-ல் ரயில் பாதை போடும் வேலை என்று சொல்லி மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதற்கும் தலையெழுத்து என்ற ஒரே சொல்தான் பதிலாகக் கிடைத்தது.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைப் பிரிவினர். 1891-ல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் ஒரு பாதை இணைத்தது. 1905-ல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளை வந்தது. கிழக்கே தம்பின், மேற்கே போர்ட்டிக்சன் என்று இரண்டு பக்கமும் ரயில் இருக்க, நடுவில் லிங்கி ஆற்றங்கரையில் இருந்தது லூபோக் சீனா. 1901-ல் உருவான கூட்டு மலாய் மாநில ரயில்வேயில் தமிழர்கள் இரண்டு வழிகளில் நுழைந்தார்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் பள்ளிச் சான்றிதழும் தெரிந்தவர் கடிதமும் கொண்டு வந்து கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்துக்குப் போனார்கள்: சல்லி கொட்டுவது, சிலிப்பர் கட்டை மாற்றுவது, மண் சரிந்த இடத்தை அடைப்பது. இவர்களுக்கு விண்ணப்பமும் நேர்காணலும் கிடையாது. ஆளைப் பார்த்து எடுப்பது கங்காணி. உதவித்தொகையில் உடலுழைப்புத் தொழிலாளர் கடல் கடப்பதை 1938-ல் இந்திய அரசு நிறுத்தும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

எடுக்கப்படுபவனின் வாழ்க்கையை எடுப்பவனின் ஒரு சொல் மாற்றிவிடுகிறது. அந்தச் சொல் கங்காணியுடையதா, அவன் வழியாகப் பேசும் ஊழுடையதா?

திருக்குறளில் ஊழைப் பற்றிய அதிகாரம் 38-ஆவது. அறத்துப்பாலின் கடைசி அதிகாரம். அதில் ஊழுக்கு நிகரான வலிமை வேறு எதற்கும் இல்லை. 62-ஆவது அதிகாரமான ஆள்வினையுடைமையில் சோராமல் உழைப்பவன் ஊழையே புறங்காணச் செய்வான் என்கிறார் அதே ஆசிரியர். இந்த முரணைப் பற்றி உரையாசிரியர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அதிகம் பேசப்படாத ஓர் இடமும் உண்டு. பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று 51, 52-ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுமே ஆள் எடுப்பதைப் பற்றியவை. எவனை எப்படி ஆராய்வது, எந்த வேலையை எவனிடம் ஒப்படைப்பது, ஒப்படைத்தபின் எப்படிக் கண்காணிப்பது என்று இருபது குறள்கள். அவற்றில் ஊழ் ஓர் இடத்தில்கூட வரவில்லை. ஆராயாமல் ஒருவனைத் தெளிந்தால் வரும் துன்பம் எடுத்தவனோடு நிற்காமல் அவன் வழிமுறைக்கும் போகும் என்கிறது ஒரு குறள். வேலைக்கு எடுக்கப்படுபவனுக்கு ஊழ் உண்டு. எடுப்பவனுக்கு ஆராயும் கடமை மட்டுமே உண்டு. வள்ளுவர் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அதிகாரங்களை அடுக்கிய விதத்தில் இந்தப் பிரிவினை தெரிகிறது.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. வினை மூன்று: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இந்தப் பிறவியில் நுகரவேண்டிய பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறும் ஆகாமியம். பிராரத்தம் தெய்வத்தாலும், உயிருள்ளவற்றாலும், உயிரில்லாதவற்றாலும் வந்து சேரும். மழையால் வரும் துன்பமும் மனிதனால் வரும் துன்பமும் நுகர்பவனின் கணக்கில் ஒன்றாகவே பதிகின்றன. துன்பத்தைக் கொண்டுவந்த மனிதனின் கணக்கு வேறு. மழைக்கு ஆகாமியம் இல்லை, மனிதனுக்கு உண்டு. பிறனுடைய பிராரத்தத்துக்குக் கருவியாக இருந்தேன் என்று சொல்லி அவன் தப்ப முடியாது. கருவியாகச் செயல்பட்டதே அவனுடைய புதிய வினை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் வினைக் கொள்கையை விரித்துச் சொன்னதிலிருந்து இன்றைய கோயில் சொற்பொழிவுவரை இந்த அடிப்படை மாறவில்லை. கேட்பவர்கள் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கை அடியோடு மறுத்தவர்கள் ஆசீவகர்கள். எல்லாம் நியதிப்படி நடக்கிறது, முயற்சியால் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது மற்கலி கோசாலரின் போதனை. மணிமேகலையில் ஆசீவகர் தம் கொள்கையைச் சொல்கிறார். நீலகேசியில் சமணப் பெண் அதை வாதிட்டு மறுக்கிறாள். நியதி முழு உண்மையானால் ஆளை ஆராய்ந்து எடுப்பதே வீண் வேலை. தமிழ்ச் சமயங்கள் தம்முள் எவ்வளவு மோதிக்கொண்டாலும் ஆசீவகத்தை ஏற்காததில் ஒன்றுபட்டன. அப்படியிருந்தும் தோட்டத்துப் பேச்சில் புழங்கும் தலையெழுத்து, சித்தாந்தத்தின் வினையைக் காட்டிலும் ஆசீவகரின் நியதிக்கே கிட்டத்தில் நிற்கிறது.

ஊழ் என்ற சொல் பொருந்தக்கூடிய இடமும் ரயில் வேலையில் உண்டு. அது நிறப்பார்வைச் சோதனை. ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் 1875-ல் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியர் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாததே காரணமாக இருக்கலாம் என்று உடலியல் அறிஞர் ஹோல்ம்கிரேன் கருதினார். அவர் வகுத்த சோதனையில், கலந்து கிடக்கும் கம்பளி நூல்கண்டுகளிலிருந்து நிறம் பார்த்துப் பொறுக்க வேண்டும். பின்னர் டோக்கியோவின் இஷிஹாரா ஷினோபு, படைக்கு ஆள் எடுப்பதற்காக ஒரு சோதனையைத் தயாரித்து 1917-ல் வெளியிட்டார். வண்ணப் புள்ளிகளுக்குள் ஓர் எண் மறைந்திருக்கும். பார்வை சரியாக உள்ளவனுக்கு அது தெரியும், குறை உள்ளவனுக்குத் தெரியாது. இன்றும் பல நாடுகளில் ரயில் ஓட்டுநர் வேலைக்குப் போகிறவர் முன்னால் அந்தத் தாள்கள் புரட்டப்படுகின்றன. இந்திய ரயில்வே தன் மருத்துவத் தகுதியை ஏ-1 தொடங்கிப் பல படிகளாகப் பிரித்து, ரயில் ஓட்டுபவருக்கு ஏ-1 வேண்டும் என்கிறது.

எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் முதலாக வந்த இளைஞன் இந்தத் தாளின் முன் தோற்கிறான். பெரும்பாலும் தாய்வழியாக வரும் குறை அது. அவன் செய்த பிழை எதுவும் இல்லை. மருந்தும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஆள்வினையுடைமை அதிகாரத்தை முழுக்க மனப்பாடம் செய்தாலும் புள்ளிகளுக்குள் எண் தெரியப் போவதில்லை. இங்கே ஊழ் என்று சொல்வதில் யாரும் ஒளிந்துகொள்வதில்லை. சோதித்த மருத்துவர் எதையும் மறைக்கவில்லை, விதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும், மறுப்பதற்கு ஆயிரம் பயணிகளின் உயிர் காரணமாக இருக்கிறது. தோற்றவன் சான்றிதழ்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வேறு வேலைக்கு மனுப் போடலாம். தோற்கவும் திரும்பிப் போகவும் இடம் இருந்தால்தான் அது தேர்வு.

சயாம் ரயிலுக்கு ஆள் எடுத்ததும் தேர்வின் எல்லாப் படிகளையும் பெயரளவில் கொண்டிருந்தது. சயாமின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட்வரை 415 கிலோமீட்டர்ப் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942-ன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. சுமார் 60,000 போர்க்கைதிகளும் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்களும் அதில் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்.

முதல் படி அறிவிப்பு. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், மூன்று மாத வேலை, வேண்டுமானால் குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்றார்கள். ரப்பருக்குச் சந்தை அறுந்து தோட்டங்களில் வேலை நின்றிருந்த காலம் அது. அரிசி பங்கீட்டில் வந்தது, மரவள்ளிக்கிழங்கு சோறானது, வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்பு இறங்கியது. தொடக்கத்தில் சிலர் தாமாகவே பெயர் கொடுத்தார்கள்.

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில் புயலில் சரக்கைக் கடலில் எறியும் மாலுமியைப் பற்றிப் பேசுகிறார். எறிய வேண்டும் என்று அவனுக்கு ஆசை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எறிவது என்று முடிவெடுப்பவன் அவனே. இதைக் கலப்புச் செயல் என்கிறார். பசியால் பெயர் கொடுத்த தோட்டத் தொழிலாளியின் சம்மதமும் கலப்பானதுதான். ஆனால் மாலுமிக்குப் புயலும் சரக்கும் கண்முன் தெரிந்தன. தொழிலாளிக்குச் சொல்லப்பட்ட மூன்று மாதம் பொய். பொய்யின் மேல் நின்ற சம்மதத்தைக் கலப்பு என்று சொல்வதுகூட அதற்கு அதிக மரியாதை.

தாமாக வருபவர் குறைந்ததும் அடுத்த படி, பட்டியல். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டது. நிர்வாகி கிராணியிடம் சொன்னார், கிராணி செக்ரோலைத் திறந்தார். செக்ரோல் கூலி கொடுப்பதற்காக வைத்த ஏடு; யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், யாருக்குக் குடும்பம் இருக்கிறது, யார் ஒண்டிக்கட்டை என்பதெல்லாம் அதைப் பார்த்தவருக்குத் தெரியும். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களிடையே விரல் நீளும்போது அது யார்மேல் எளிதாக விழும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பரிந்து பேச ஆள் இல்லாதவன், கங்காணியோடு மனத்தாங்கல் உள்ளவன், தனியாள். அந்த எண்ணிக்கையும் போதாதபோது பட்டியலும் தேவைப்படாமல் போயிற்று. இலவசப் படக்காட்சி என்று கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே ரயிலேற்றிய சம்பவங்கள் தப்பி வந்தவர்களின் வாய்மொழியில் பதிவாகியுள்ளன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இந்தக் காலத்தையே களமாகக் கொண்டவை.

மூன்றாவது, உடல் சோதனை. பாதை நெடுகக் காலரா பரவிய காலத்தில் கண்ணாடிக் குச்சியைக் குதத்தில் விட்டு மாதிரி எடுக்கும் சோதனை கைதிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வழியில் நடத்தப்பட்டது. ஆணும் பெண்ணும் பலர் பார்க்கக் குனிந்து நிற்கவேண்டி வந்தது. ரயில்வே மருத்துவச் சோதனை எங்கேயும் முதலில் வேலையைத்தான் காக்கிறது, வேலைக்காரனை அல்ல. நிறப்பார்வைத் தாளும் அப்படியே. ஆனால் அந்தத் தாளில் தேறாதவன் வீட்டுக்குப் போகிறான். கண்ணாடிக் குச்சிச் சோதனையில் நோய் தெரிந்தவனுக்கு வீட்டுக்கு வழி இல்லை. தெரியாதவனும் மேலே நடக்க வேண்டியதுதான். யாரும் தோற்க முடியாத சோதனை அது.

இரும்புச் சரக்குப் பெட்டிகளில் நாட்கணக்கில் பயணம், பான் போங்கில் இறக்கம், அங்கிருந்து காட்டுக்குள் நடை. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பெரிபெரி, ஆறாத புண், மழைக்காலத்தில் காலரா. இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மலாக்காக்காரர்களுக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. தம்பின்–மலாக்கா கிளைப் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டு போனார்கள்; அந்தப் பாதை பிறகு போடப்படவே இல்லை.

கட்டாய வேலையைப் பற்றிய 29-ஆம் எண் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930-லேயே இயற்றியிருந்தது. தண்டனைக்கு அஞ்சிச் செய்ய வைப்பது, தானாக முன்வராதவனைச் செய்ய வைப்பது, இவை இரண்டும் சேர்ந்தால் கட்டாய வேலை என்பது அதன் இலக்கணம். போர் போன்ற நெருக்கடிக்கு அதில் விலக்கு உண்டு. ஜப்பான் அதை 1932-ல் ஏற்று உறுதிசெய்தது. அறியாமல் செய்தோம் என்று சொல்ல அரசுக்கு வழி இல்லை.

கடினமான பகுதி நடுவில் நின்றவர்களுடையது. செக்ரோலைத் திறந்த கிராணியும் விரல் நீட்டிய கங்காணியும் ஜப்பானியரல்லர். பெரும்பாலும் போனவர்களோடு ஒரே கோயிலில் தீமிதி பார்த்தவர்கள். மறுத்திருந்தால் அடியும் அதற்கு மேலும் கிடைத்திருக்கும். எண்ணிக்கை வெளியிலிருந்து வந்தது, பெயர் மட்டும் அவர்களுடையது. மேலிடத்து உத்தரவு பொறுப்பை நீக்காது, ஆனால் மாற்று வழி உண்மையில் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என 1950-ல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் நியூரம்பர்க் கோட்பாடுகளில் வகுத்தது. சித்தாந்தத்தின் கணக்கும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. அச்சத்தில் செய்த வினை வினையே. அதன் கனம் விரும்பிச் செய்ததன் கனத்துக்குச் சமமாகாது. பகையை மனதில் வைத்து ஒரு பெயரை எழுதிய கிராணிக்கும், கடைசிவரை தயங்கி எழுதிய கிராணிக்கும் ஏட்டில் ஒரே மைதான். ஆகாமியத்தில் அவை இரண்டும் ஒன்றாகப் பதிவதில்லை.

அப்படி எழுதியவர் போகிறவனைப் பார்த்து “உன் தலையெழுத்து” என்று சொன்னால், அந்த இடத்தில் கோட்பாடு திருடப்படுகிறது. நுகர்பவன் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்வதற்காகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல் அது. தன் பழைய வினை என்று அவன் ஏற்கும்போது பகையும் புலம்பலும் குறைந்து மனம் அடங்கும். சித்தாந்தம் அவனுக்குக் கொடுக்கும் பயன் அதுவே. ஆள் எடுப்பவனின் வாயில் அதே சொல் விழுந்தால் அவன் தன் ஆகாமியத்தை எதிராளியின் பிராரத்தத்துக்குள் மறைக்கிறான் என்று பொருள். பௌத்தத்தில் இதற்கு இடமே இல்லை. அங்கே எண்ணமே வினை. ஜப்பானியரும் சயாமியரும் பர்மியரும் பெரும்பாலும் பௌத்தர்களாயிருந்த ஒரு பாதையில் இதைச் சொல்ல நேர்வது கசப்பானது.

தப்பி வந்தவர்கள் தலையெழுத்து என்று சொன்னபோது அதில் ஓர் உரிமை இருந்தது. அடுத்தடுத்துப் படுத்திருந்த இருவரில் ஒருவனைக் காலரா எடுத்தது, ஒருவனை விட்டது. அதற்குக் காரணம் சொல்ல ராணுவத்தாலும் மருத்துவத்தாலும் முடியாது. ஊழ் அதிகாரம் எழுதப்பட்டது அந்த இடத்துக்காக. அவர்களை அந்தக் கொட்டகையில் கொண்டு போய்ப் படுக்க வைத்தது யார் என்பது வேறு கேள்வி; அதற்குப் பெயரும் பதவியும் உள்ள பதில் உண்டு.

போனவர் திரும்பாத வீடுகளில் சமயச் சிக்கல் வேறு வடிவில் வந்தது. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்து வைத்தாவது இறப்புக் குறிப்பு எழுதினார்கள். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் அடக்கமான சுமார் 6,900 பேரில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்குச் செக்ரோலில் இருந்த பெயர் ரயிலேறியதோடு நின்றுவிட்டது. எந்த நாள், எந்த முகாம் என்று தெரியாததால் திதி இல்லை. உடல் இல்லாததால் கொள்ளி இல்லை. திதி தெரியாதவர்களுக்கு மஹாளய அமாவாசையில் நீர்க்கடன் செய்யலாம் என்று மரபு வழி விடுகிறது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முதலில் அவன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தாலி கழற்றுவதா, பொட்டு வைப்பதா என்று கேட்ட பெண்ணுக்குக் கோயில் பண்டாரத்தால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காணாமற் போனவனுக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் கருமம் செய்யலாம் என்பது பழைய தர்ம சாத்திர வழி. மலாயாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு என்கிறது: அந்தக் காலம் முழுவதும் செய்தி கேள்விப்பட வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படாதிருந்தால், அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். 1943-ல் போனவனுக்குச் சட்டப்படி கணக்கு 1950-ல் முடிந்தது, சாத்திரப்படி 1955-ல்.